வகுப்பறையில் ஆப்பிள்

ஆங்கில எழுத்துகளில் முதலாவது எது என்று ஐந்து வயதுக் குழந்தையைக் கேட்டால், எழுத்தை மட்டும் சொல்லி அது நிறுத்துவதில்லை. 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று பழத்தையும் சேர்த்தே சொல்கிறது. சிவந்த ஆப்பிள் படம் போட்ட சுவர் அட்டைகளும் எழுத்துப் புத்தகங்களும் நம் சிவகாசி அச்சகங்களில் அச்சாகி வெளியூர்களுக்குச் செல்கின்றன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற தேவையால் இங்கே வேரூன்றி வளர்ந்த அச்சுத் தொழில், ஆப்பிள் விளையாத கரிசல் மண்ணிலிருந்து ஆப்பிள் படங்களை அனுப்பிக் கொண்டிருக்கிறது.

இப்போது ஆப்பிள் எழுத்தின் அடையாளம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. மழலையர் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புகளிலும் ஆப்பிளை மையமாக வைத்துப் பல செயல்பாடுகள் நடைபெறுகின்றன. 'சிவப்பு நாள்' என்று ஒரு நாள் குறித்து ஆளுக்கொரு ஆப்பிள் கொண்டுவரச் சொல்கிறார்கள். காகிதத்தில் ஆப்பிள் வெட்டி ஒட்டுகிறார்கள், ஆப்பிள் எண்ணுகிறார்கள், ஆப்பிள் பாட்டுப் பாடுகிறார்கள். சில பள்ளிகளில் ஆப்பிளைக் குறுக்காக வெட்டிக் காட்டுவதும், தண்ணீரில் மிதக்கவிடுவதும் உண்டு. ஒரே பொருளைச் சுற்றி மொழி, கணக்கு, ஓவியம், அறிவியல் ஆகிய நான்கையும் கற்பிக்கலாம் என்பது இதன் அடிப்படை. கொள்கை நல்லதே. ஆனால், இச்செயல்பாடுகளால் குழந்தை உண்மையில் என்ன கற்கிறது? அறிவியல் நோக்கில் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

ஆப்பிள் பாடம் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் மிகவும் பழக்கமானது. அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் பருவமும், ஆப்பிள் அறுவடைப் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. ஊரூராகச் சென்று ஆப்பிள் நாற்றுப் பண்ணைகள் அமைத்த ஜான் சாப்மன் என்பவர் 1774 செப்டம்பர் 26இல் பிறந்தவர். அவர் கதையும் அந்த நாள்களில் வகுப்பில் சொல்லப்படுகிறது. குழந்தை தன் ஊர்த் தோட்டத்திற்குப் போய்ப் பழத்தைத் தானே பறித்து வரலாம். அதாவது, அவர்களுக்கு ஆப்பிள் உள்ளூர்ப் பழம், பருவத்திற்கேற்ற பழம்.

நம் நாட்டிலும் ஆப்பிள் விளைகிறது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் இமயமலைச் சாரலிலுள்ள கோட்கர் என்னும் ஊரில் உயர்ரக ஆப்பிள் கன்றுகளை நட்டார். இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் விவசாயத்திற்கு அது தொடக்கமாயிற்று. காஷ்மீரத்து ஆப்பிளும் நமக்குப் பழக்கமானதே. சிம்லாவிலோ ஸ்ரீநகரிலோ இருக்கும் குழந்தைக்கு ஆப்பிள் பாடம் பொருத்தமானது.

விருதுநகரில் நிலைமை வேறு. கடைகளில் ஆப்பிள் கிடைக்கிறது. யாரும் கண்டிராத பொருள் அன்று. ஆனால் பல வீடுகளில் அது, காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வாங்கிக்கொண்டு போகும் பழம். அதன் மரத்தையோ பூவையோ குழந்தை பார்த்ததில்லை. நம் பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. அப்போது தெருவில் நுங்கு வந்திருக்கும். நாவல்பழம் வரத் தொடங்கியிருக்கும். அமெரிக்க ஆசிரியர் செய்ததையே நாமும் செய்வதானால் நுங்குப் பாடமோ நாவல்பழப் பாடமோ நடத்தியிருக்க வேண்டும். நாமோ முறையை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

செயல்வழிக் கற்றல் தமிழகத்திற்குப் புதிதன்று. ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அனுபவத்தைப் பின்பற்றிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் அது தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து ஆடல், பாடல், கைவேலை வாயிலாகக் கற்பிக்க முற்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவும் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதை ஒரு வழிகாட்டும் நெறியாகவே வைத்தது. ஆகவே செயல்பாடு வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கே வினா அன்று. எது செயல்பாடு என்பதே வினா.

காகித ஆப்பிள்

மிகுதியாக நடைபெறும் வேலை இதுதான். பத்து ஆப்பிள் அச்சிட்ட தாளைக் கொடுத்து எல்லாவற்றுக்கும் சிவப்பு வண்ணம் தீட்டச் சொல்வது. காகித ஆப்பிளை வெட்டிக் காகித மரத்தில் ஒட்டச் சொல்வது. விரல்களுக்குப் பயிற்சி கிடைக்கிறது. கோட்டுக்குள் வண்ணம் தீட்டப் பழகுகிறது. இப்பயன்களை மறுப்பதற்கில்லை. ஆனால் இதை அறிவியல் செயல்பாடு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது பொருந்தாது.

காரணம் எளிது. படத்திலுள்ள பழம் புத்தகத்தை ஒருபோதும் மறுத்துப் பேசாது. அது மிதப்பதும் இல்லை, மூழ்குவதும் இல்லை, அழுகுவதில்லை, மணப்பதில்லை, அதை வெட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. ஆப்பிள் சிவப்பு என்று ஆசிரியர் சொன்னால் படமும் சிவப்பாகவே இருக்கும். கடையிலோ பச்சை ஆப்பிளும், மஞ்சள் கலந்த ஆப்பிளும் இருக்கின்றன. உண்மைப் பொருள் நம் எதிர்பார்ப்பைப் பொய்யாக்க வல்லது. அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு செயல்பாட்டின் முடிவு ஆசிரியர் நினைத்ததற்கு மாறாக வரக்கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். வரவே முடியாது என்றால் அது பயிற்சி, சோதனை அன்று.

மிதக்கும் ஆப்பிள்

இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் தேறும் செயல்பாடுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று ஆப்பிளைத் தண்ணீரில் இடுவது. ஆப்பிள் மிதக்கும். அதன் பருமனில் சுமார் கால் பங்கு காற்று. சதைக்குள் நுண்ணிய இடைவெளிகளில் அக்காற்று அடங்கியிருப்பதால் ஆப்பிளின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைவிடக் குறைகிறது.

ஆனால் வகுப்பில் இது பெரும்பாலும் எப்படி முடிகிறது? 'ஆப்பிள் இலேசானது, அதனால் மிதக்கிறது. கல் கனமானது, அதனால் மூழ்குகிறது' என்று முடிகிறது. இது தவறான பாடம். அதே வாளியில் ஒரு புளியங்கொட்டையைப் போடுங்கள். ஒரு கிராம்கூட இல்லாத கொட்டை அடியில் போய் உட்காரும். அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் எடையுள்ள ஆப்பிள் மேலே நிற்கும். இலேசானதுதான் மிதக்கும் என்ற விதி குழந்தையின் கண்ணெதிரே உடைந்துபோகும். ஏன் என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். அடர்த்தி என்ற சொல்லை இரண்டாம் வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் குழந்தை மனத்தில் ஏந்திக்கொண்டு போனாலே போதும். எட்டாம் வகுப்பு ஆசிரியரின் வேலை பாதி முடிந்துவிடும்.

இதற்கு ஆப்பிள்தான் வேண்டும் என்பதும் இல்லை. கத்தரிக்காய் மிதக்கிறது, உருளைக்கிழங்கு மூழ்குகிறது. உரிக்காத தேங்காய் மிதக்கிறது. எலுமிச்சை, தக்காளி, வெங்காயம், வெள்ளரி என்று வீட்டிலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லி, போடுவதற்கு முன்பே 'மிதக்குமா, மூழ்குமா?' என்று கேட்டுக் கரும்பலகையில் குறித்துக்கொண்டால் வகுப்பே சோதனைச்சாலை ஆகும். முன்கூட்டிச் சொல்லவைப்பது மிக முக்கியம். தான் சொன்னது பொய்த்த குழந்தை அதை எளிதில் மறப்பதில்லை.

நட்சத்திரம் தெரியும் பழம்

ஆப்பிளைக் காம்பு மேலிருக்க நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டினால் நடுவில் ஐந்து கதிர் நட்சத்திரம் தெரியும். அதன் சூலகத்தில் ஐந்து அறைகள் இருப்பதே காரணம். ஆப்பிள் பூவுக்கும் ஐந்து இதழ்கள். வெட்டும் திசை மாறினால் காணும் உருவமும் மாறும் என்பதை இதைவிட அழகாகக் காட்டுவது கடினம். நல்ல செயல்பாடு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு பழத்தை வெட்டி ஐந்து என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது வேடிக்கையாகவே போய்விடும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பொருள் வேண்டும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் அங்கும் நட்சத்திரம். பெரும்பாலும் ஐந்து மூலை. சில காய்களில் ஆறு, ஏழுகூட வரும். சாத்தூர் வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கினால் மூன்று பகுதிகள். பனங்காயைச் சீவினால் வழக்கமாக மூன்று நுங்கு. சிலவற்றில் இரண்டு, அரிதாக ஒன்று. வெண்டைக்காய்த் துண்டை மையில் தொட்டுத் தாளில் பதித்தால் ஓவிய வகுப்பும் நடந்துவிடும். முப்பது காய்களில் ஐந்து மூலை எத்தனை, ஆறு மூலை எத்தனை என்று கோடு போட்டுக் கணக்கெடுத்தால் அதுவே முதல் புள்ளியியல் பாடம். ஒரு கிலோ வெண்டைக்காய் முப்பது குழந்தைகளுக்கும் வரும். அதே செலவில் ஆப்பிள் வாங்கினால் ஆசிரியர் வெட்டுவதைக் குழந்தைகள் தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும். கத்தியை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நிறம் மாறும் ஆப்பிள்

வெட்டிவைத்த ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பாகிறது. எலுமிச்சைச் சாறு தடவிய துண்டு அவ்வளவு விரைவில் பழுப்பதில்லை. பழத்தின் செல்களில் ஃபீனால் சேர்மங்கள் ஓரிடத்திலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் இருக்கின்றன. கத்தி பட்டுச் செல்கள் சிதைந்ததும் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பழுப்பு நிறப் பொருள் உண்டாகிறது. எலுமிச்சையின் அமிலம் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி-யும் பழுப்பேறுவதைத் தடுக்கிறது.

இந்தச் செயல்பாட்டை ஏதோ மேல்நாட்டு அதிசயம்போல் வகுப்பில் காட்டுகிறோம். அந்தக் குழந்தையின் அம்மா அன்று காலையில்தான் கத்தரிக்காயை நறுக்கி நறுக்கித் தண்ணீரில் போட்டிருப்பார். வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போட்டிருப்பார். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. மோரின் புளிப்பு நொதியை அடக்குகிறது. ஆப்பிளும் எலுமிச்சையும் காட்டும் உண்மை முழுவதும் அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. மூன்று தட்டுகளில் கத்தரிக்காய்த் துண்டுகளை வைத்து, ஒன்றைக் காற்றிலும், ஒன்றைத் தண்ணீரிலும், ஒன்றை மோரிலும் விட்டுப் பார்க்கட்டும். மாலையில் வீட்டுக்குப் போய், 'அம்மா, ஏன் மோரில் போடுகிறாய்?' என்று குழந்தை கேட்கும். அம்மாவுக்குத் தெரிந்த ஒன்றும் பள்ளியில் பாடமாகிறது என்று அந்த வீடு அறியும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குழந்தைக்கு இது சிறிய செய்தி அன்று.

விழும் ஆப்பிள்

ஆப்பிள் என்றால் நியூட்டனை விட முடியாது. நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தது, உடனே புவியீர்ப்பைக் கண்டுபிடித்தார் என்ற கதை முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இயற்பியல் படிக்கக் கல்லூரிக்கு வரும் மாணவரும் அதே கதையோடுதான் வருகிறார். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொள்ளை நோயினால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1665இல் மூடப்பட்டபோது நியூட்டன் தம் ஊரான உல்ஸ்தார்ப்புக்குத் திரும்பினார். அங்கே ஆப்பிள் விழுவதைக் கண்டது தம் சிந்தனையைத் தூண்டியது என்று 1726 ஏப்ரல் 15ஆம் நாள் வில்லியம் ஸ்டூக்லி என்ற நண்பரிடம் அவரே கூறியதாக ஸ்டூக்லி எழுதி வைத்திருக்கிறார். தலையில் விழுந்ததாக அதில் இல்லை. பழம் ஏன் பக்கவாட்டில் செல்லாமல் எப்போதும் நேர் கீழாகவே விழுகிறது என்பதே அதில் உள்ள கேள்வி.

நியூட்டனின் பெருமை ஆப்பிள் விழுந்ததைக் கண்டதில் இல்லை. சந்திரனும் விழுந்துகொண்டிருக்கிறது என்று கண்டதில் இருக்கிறது. சந்திரன் பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 பூமி ஆரங்களுக்கு அப்பால் உள்ளது. தொலைவின் வர்க்கத்திற்கேற்ப ஈர்ப்பு குறையுமானால் அங்கே அது 60 × 60, அதாவது 3600 மடங்கு குறைந்திருக்க வேண்டும். ஆப்பிள் ஒரு வினாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. சந்திரனோ நேர்கோட்டுப் பாதையிலிருந்து பூமியை நோக்கி அதே 4.9 மீட்டர் விழ ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. தோட்டத்தையும் வானத்தையும் ஒரே கணக்கில் இணைத்த இந்தச் சிந்தனையை விட்டுவிட்டு, தலையில் பட்ட அடியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அறிவியல் என்பது மேதை ஒருவருக்குத் தற்செயலாக நேர்வது என்ற எண்ணமே அதனால் குழந்தை மனத்தில் பதிகிறது.

சிறு குழந்தைக்கு இக்கணக்கு வேண்டாம். ஒரு சோதனை போதும். எலுமிச்சம்பழத்தையும் புளியங்கொட்டையையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விடச் சொல்லுங்கள். பெரியது முதலில் விழும் என்றே பெரும்பாலான குழந்தைகள் சொல்லும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தரையைத் தொடும். கதை தராத வியப்பை இது தரும்.

உள்ளூர்ப் பொருள் என்றால் எது?

ஆப்பிளுக்குப் பதில் உள்ளூர்ப் பொருள் என்று சொல்வது எளிது. நம் பகுதியில் அதற்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் பொருள் தீக்குச்சி. 1970களிலும் 1980களிலும் விடியுமுன்னே வண்டி வந்து கிராமத்துக் குழந்தைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிச் சென்றதை இவ்வூர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்ந்த அக்குழந்தைகளுக்கு 144 பெட்டி ஒரு குரோஸ் என்று தெரியும். அந்தக் கணக்கு அவர்களைப் படிக்க வைக்கவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகுதான் அந்தக் கைகள் பலகையும் புத்தகமும் பிடித்தன.

அப்படியானால் தீக்குச்சியே வகுப்பறைக்கு ஆகாதா? மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் திட்டத்தில் பணியாற்றிய அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து உருவங்கள் செய்யக் காட்டினார். மருந்தில்லாத குச்சிகளால் ஒரு சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்து உருக்குலைகிறது. முக்கோணம் அசையாமல் நிற்கிறது. பாலங்களிலும் மின்கம்பக் கோபுரங்களிலும் முக்கோணங்கள் ஏன் என்பதைக் குழந்தை விரல்களாலேயே அறிகிறது. பொருள் அதே குச்சிதான். கட்டை அடுக்கிய குழந்தையின் கை ஆயிரம் முறை ஒரே அசைவைச் செய்தது. அதில் கேள்வி இல்லை. முக்கோணம் செய்யும் கை ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பத்து ஆப்பிளுக்கும் ஒரே சிவப்பைத் தீட்டும் குழந்தையை மறுபடி பாருங்கள். ஒரே அசைவு, ஒரே முடிவு, கேள்வி இல்லை. அது எந்த வேலைக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். துன்பத்தில் இரண்டும் ஒன்றல்ல; ஆனால் சிந்தனைக்கு இடமில்லாத கைவேலை என்ற அளவில் உறவு உண்டு. ஆலையிலிருந்து குழந்தையை மீட்டது அதன் கைக்கு வேறு வேலை கொடுப்பதற்காக மட்டும் அன்று.

ஆப்பிளை விலக்க வேண்டுமா?

சிலர் வேறொரு கேள்வி எழுப்பலாம். உள்ளூர்ப் பொருளையே காட்டிக்கொண்டிருந்தால் குழந்தையின் உலகம் சுருங்கிவிடாதா? நியாயமான கேள்வி. பனிமலையும் துருவக் கரடியும் விருதுநகர்க் குழந்தைக்கும் உரியவையே, ஆப்பிளும் அப்படியே. ஆனால் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே முறை. வெண்டைக்காயில் நட்சத்திரம் கண்ட குழந்தையிடம் ஓர் ஆப்பிளைக் காட்டி, 'இதற்குள் என்ன இருக்கும்?' என்று கேளுங்கள். அப்போது ஆப்பிள் ஒரு புதிராகும். அது குளிர் மிகுந்த மலையில் விளைகிறது, நம் ஊரில் ஏன் விளைவதில்லை என்ற பேச்சும் தானே வரும். அந்த நிலையில் வகுப்புக்கு ஒரே ஓர் ஆப்பிள் போதும்; பாடம் முடிந்ததும் துண்டு போட்டு எல்லாரும் தின்றும் விடலாம்.

ஆகவே ஆப்பிள் செயல்பாடுகளில் மிதத்தலும், குறுக்குவெட்டும், நிறமாற்றமும் போற்றத்தக்கவை. காகித ஆப்பிளும், தலையில் விழுந்த ஆப்பிளும் அறிவியல் என்ற பெயருக்கு உரியவை அல்ல. நல்லவற்றைத் தீயவற்றிலிருந்து பிரிப்பது பழம் அன்று, கேள்வி. கையில் உண்மைப் பொருள் இருக்கிறதா? நடக்கப்போவதைக் குழந்தை முன்கூட்டிச் சொன்னதா? முடிவு எல்லாரையும் வியக்கவைக்க இடமிருக்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அது கத்தரிக்காயானாலும் ஆப்பிளானாலும் நல்ல பாடமே.

இதைப் படிக்கும் மாணவர்கள் வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் இன்றே ஒரு வாளித் தண்ணீரும், சமையலறையிலிருந்து நான்கைந்து காய்களும் எடுத்துக்கொண்டு உட்காரலாம். போடுவதற்கு முன் அவர்களைக் கேட்க மட்டும் மறக்க வேண்டாம்.